நாலு மணிக்கு ஓடாத ஸ்கிரிப்ட்

ஜெசிந்தா காஸ்டெலினோவுக்குத் தெரிந்தவரை உலகத்தில் பொய் சொல்லத் தெரியாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் அவள் அப்பா லிகோரி. இன்னொன்று கம்ப்யூட்டர். அப்பா ஷார்ஜாவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக மாவு பிசைந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் மங்களூரின் தேர்த்தெருவான ரதபீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், அவள் முதலாளி உபேந்திர பையின் அலுவலகத்தில் இருந்தது. அந்த வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அது தன் முதல் பொய்யைச் சொன்னது.

பை நடத்திய தொழிலுக்கு 'சுபமங்கள லைவ்' என்று பெயர். மண்டபத்தில் மாப்பிள்ளை தாலி கட்டும்போது குவைத்திலும் டொரண்டோவிலும் இருக்கிற சித்தப்பாக்களும் அத்தைகளும் போனிலேயே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம். கேமராவைத் தூக்குவது தயானந்த பூஜாரி. கேமரா பிடிப்பதை வாங்கி ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பும் சர்வரைக் கட்டி மேய்ப்பது ஜெசிந்தா. உண்மையைச் சொன்னால், கல்யாண நாளன்று அவளுக்கு ஒரே ஒரு கட்டளையைத் தட்டுவதைத் தவிரப் பெரிய வேலை கிடையாது. 'கணபதி' என்று தட்டி என்டரை அழுத்தினால் நாற்பது வரி ஸ்கிரிப்ட் ஒன்று ஓடி எல்லாவற்றையும் கிளப்பிவிடும். எதைத் தொடங்கினாலும் கணபதியில்தான் தொடங்க வேண்டும் என்பது பையின் கட்டளை. புது பேனா வாங்கினால்கூடச் சுவர்க் காலண்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிற மனிதர் அவர்.

வியாழக்கிழமை அவள் கணபதியைக் கூப்பிட்டது ஒத்திகைக்காக. அடுத்த செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு அவள் தங்கை லவீனாவுக்கு ஆற்றங்கரைச் சர்ச்சில் கல்யாணம். விசா புதுப்பிக்கப் போன அப்பாவின் பாஸ்போர்ட் எந்த மேஜையிலோ மாட்டிக்கொண்டு திரும்பி வரவில்லை. அவரால் வர முடியாது என்று தெரிந்த அன்று வீட்டில் அடுப்புகூட எரியவில்லை. ஜெசிந்தாதான் எழுந்து நின்று, "நான் எதுக்கு இருக்கேன்? நேரலையில காட்டறேன். டாடி பக்கத்துல நிக்கற மாதிரியே இருக்கும்" என்று வாக்குக் கொடுத்தாள். அப்பா இருக்கிற ஊரில் போன் வழியாக முகம் பார்த்துப் பேசுவதற்குத் தடை. இருக்கிற ஒரே வழி இதுதான்.

பைக்கு ஒன்பது வருஷத்தில் இது முதல் சர்ச் கல்யாணம். அதுவரை எல்லாம் கோயிலும் மண்டபமும்தான். அதனால் ஒத்திகை நன்றாகவே பார்த்துவிடுவோம் என்று அவள் நினைத்தாள்.

தட்டினாள். என்டரை அழுத்தினாள். திரையில் அடுத்த வரி வந்து, கர்சர் கண்ணைச் சிமிட்டியது. அவ்வளவுதான். பிழை என்று ஒரு வார்த்தை இல்லை, எச்சரிக்கை இல்லை, எதுவும் ஓடவும் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு ஒரு பூஜ்யத்தைக் காட்டியது. அந்த உலகத்தில் பூஜ்யம் என்றால் சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டேன் என்று அர்த்தம். திட்டுகிற ஆளைக்கூடச் சமாளித்துவிடலாம், ஒன்றுமே செய்யாமல் சிரித்துக்கொண்டு நிற்கிற ஆளை என்ன செய்வது?

ஜெசிந்தா நாற்பது வரியையும் படித்தாள். ஒரு குற்றமும் இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கோப்புகளின் அனுமதிகளை எல்லாம் கலைத்துப் புதிதாகக் கொடுத்தாள். அதற்கே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குத் தட்டினாள். கணபதி சமர்த்தாக வந்தார்.

"கண்டுபிடிச்சாச்சு மாம்" என்று உள்ளறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். பையை ரதபீதியே மாம் என்றுதான் கூப்பிடும், மாமா என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல். "அனுமதிதான் கோளாறு."

"நீ தொட்டா சரியாகாம இருக்குமா மாராயத்தி" என்றார் பை, அந்த ஊரில் பெண்களைச் செல்லமாகக் கூப்பிடும் வார்த்தையில்.

சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அவள் எழுதி வைத்தாள்: வியாழன் 2 மணி. ஓடவில்லை. அனுமதி. சரிசெய்தாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு மறுபடி ஓடவில்லை. அனுமதிகள் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. தயானந்தனைக் கீழே அனுப்பிப் புது கேபிள் வாங்கி வரச் சொன்னாள். அவன் போன இடத்தில் நண்பனைப் பார்த்துப் பேசிவிட்டுப் பன்னிரண்டுக்கு வந்தான். கேபிளை மாற்றித் தட்டியதும் ஓடியது. சனிக்கிழமை ஒன்பதரைக்கு மறுபடி மௌனம். சர்வரையே அணைத்துவிட்டுக் கோபத்தோடு எதிர் ஹோட்டலுக்குப் போய் வாழைப்பழம் பிசைந்து பொரித்த இரண்டு பன்ஸும் ஒரு காபியும் சாப்பிட்டாள். பத்தே முக்காலுக்குத் திரும்பி வந்து போட்டதும் ஓடியது. பலகையில் 'கேபிள்', 'அணைத்துப் போட்டது' என்று இரண்டு வரி கூடியது.

ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. ஒவ்வொரு காரணமும் கையோடு நிரூபணமும் ஆனது. இத்தனை காரணங்கள் நிரூபணமானால் அதில் ஒன்றுகூட உண்மையில்லை என்று அவள் அடிவயிறு சொன்னது. அடிவயிறு சொல்வதைப் பலகையில் எழுத முடியாது.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?" என்று சனிக்கிழமை பை மெதுவாக ஆரம்பித்தார்.

"எலுமிச்சம்பழம்னா வேண்டாம் மாம்."

"ஒரே ஒரு பழம். மேல தொங்கட்டும். அதுபாட்டுக்கு இருக்கும்."

"மாம், கம்ப்யூட்டருக்குக் கண்ணேறும் கிடையாது, கிரகமும் கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. யாரோ எங்கேயோ அதுக்கிட்ட தப்பா எதையோ சொல்லி வெச்சிருக்காங்க. அது யாருன்னுதான் தெரியணும்."

"தெரிஞ்சா சொல்லு, நானே அவன் தோலை உரிக்கறேன்" என்றார் பை. அவள் வீட்டுக்குப் போனதும் எலுமிச்சம்பழத்தைக் கட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சர்வர் பக்கமே போகவில்லை. கல்யாண வீட்டில் வேலைக்கா பஞ்சம்? திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே அலுவலகத்துக்கு ஓடி வந்து தட்டினாள். எலுமிச்சம்பழம் மேலே தொங்க, கணபதி வரவில்லை. நாற்பது வரியில் இருந்த ஒற்றை மேற்கோள் குறிகளை எல்லாம் இரட்டையாக்கினாள், பிறகு பாதியைத் திரும்ப ஒற்றையாக்கினாள். ஒன்பது ஐந்துக்கு ஓடியது. அன்றைக்கே பதினோரு மணிக்கும், மத்தியானம் இரண்டுக்கும், சாயங்காலம் நாலுக்கும் ஓட்டிப் பார்த்தாள். பட்டாசு மாதிரி ஓடியது. நாலு மணிதான் முக்கியம். நாலு மணிக்கு ஓடுகிறது. அவளே அவளைத் தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் ரோஸ் சடங்கு. சொந்தபந்தம் எல்லாம் வரிசையில் வந்து கல்யாணப் பெண்ணின் தலையில் தேங்காய்ப்பாலை ஊற்றித் தேய்த்தார்கள். ஊற்றுவது ஆசீர்வாதம், கூடக் கொஞ்சம் பழியும் தீர்த்துக்கொள்ளலாம். லவீனாவின் முகத்தில் பால் சொட்டிக்கொண்டிருந்தபோது ஷார்ஜாவிலிருந்து அப்பா கூப்பிட்டார். போனை ஜெசிந்தா எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சூட் தெச்சு வந்துடுச்சு" என்றார் லிகோரி. "கறுப்பு. கூட வேலை செய்யற சசிதரன் டை கட்டி விடறேன்னு சொல்லியிருக்கான். நாலு மணின்னா இங்க ரெண்டரை. நான் ரெண்டு மணிக்கே மெஸ்ஸுல உக்காந்துடுவேன்."

"மெஸ்ஸுல உக்காரதுக்கு எதுக்கு டாடி சூட்டு?" என்றாள் லவீனா.

"பொண்ணைக் கூட்டிட்டுப் போறவன் பனியனோட போவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் லவீனா, "டாடி, நீங்க பாக்கறீங்கன்னு ஜெசி சொன்னாத்தான் நான் சர்ச்சுக்குள்ள காலை வெப்பேன். இல்லேன்னா வாசல்லயே நிப்பேன்" என்றாள்.

"அப்புறமா வீடியோ பாத்துக்கலாம்டி" என்றாள் அம்மா.

"அப்புறம் பாக்கறதுக்கு வீடியோ போதும். கூட வரதுக்கு?"

"ஜெசி, ஓடும்ல?" என்று மட்டும் கேட்டார் அப்பா.

"ஓடும் டாடி. நான் இருக்கேன்ல" என்றாள் ஜெசிந்தா. பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டினாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டரை மணிக்குச் சர்ச்சில், பீடத்துக்குப் பின்னால் குருமார் உடை மாற்றும் அறையில் லேப்டாப்பை வைத்துத் தட்டிப் பார்த்தாள். ஓடியது. "அப்படியே ஓடட்டும் ஜெசியக்கா, தொடாதே" என்றான் தயானந்தன். அவன் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அம்மா வந்து எட்டிப் பார்த்து, சர்ச்சைப் பெருக்கிக்கொண்டிருப்பதையும் சித்தப்பா பெஞ்சில் படுத்துத் தூங்குவதையும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் காட்ட வேண்டுமா என்று சத்தம் போட்டாள். ஜெசிந்தா நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டுத் தோழிப்பெண்ணுக்கு உரிய பீச் நிறக் கவுனை மாட்டிக்கொண்டு வந்தாள்.

மூன்றே முக்காலுக்கு, "கேமரா ரெடி, கணபதியக் கூப்பிடு" என்று தயானந்தன் குரல் கொடுத்தான்.

தட்டினாள். கர்சர் கண்ணைச் சிமிட்டியது.

மறுபடி தட்டினாள். பூஜ்யம். எல்லாம் நலம்.

பாடுபட்ட கிறிஸ்துவின் கீழே நின்றுகொண்டு பீச் நிறக் கவுன் போட்ட பெண் ஒருத்தி பதினோரு தடவை கணபதியைக் கூப்பிட்டாள். அனுமதியைப் பார்த்தாள். அணைத்துப் போட்டாள். மேற்கோள் குறிகளை இரட்டையாக்கினாள், ஒற்றையாக்கினாள். அலுவலகத்தில் நிரூபித்த காரணங்கள் எல்லாம் சர்ச்சில் கைவிரித்துவிட்டன.

நாலு மணிக்குப் பெண்ணின் கார் வந்தது. பேண்டு வாத்தியக்காரர்கள் பாட்டைத் தொடங்கினார்கள். கார்க் கதவு திறந்தது, லவீனாவின் தலை மட்டும் வெளியே வந்தது.

"டாடி வந்தாச்சா?"

"இதோ வந்துடுவாரு, நீ இறங்கு" என்றாள் அம்மா.

"வரட்டும், இறங்கறேன்." கதவு மூடிக்கொண்டது. பிடிவாதத்தில் அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். பேண்டுக்காரர்கள் அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தார்கள். உள்ளே பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி நின்றான். பெண்ணுக்கு மனசு மாறிவிட்டது என்று அவன் வீட்டுப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பி இரண்டாவது பெஞ்சுவரை வந்துவிட்டது.

ஃபாதர் வலேரியன் அறைக்குள் வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். "பொண்ணே, அஞ்சரைக்கு எனக்கு ஒரு அடக்கம் இருக்கு. செத்தவரு பொறுத்துக்குவாரு, அவரு பசங்க பொறுக்க மாட்டாங்க. நாலு இருபது வரைக்கும் நிக்கறேன். அப்புறம் உங்கப்பா இருந்தாலும் இல்லேன்னாலும் பூசை ஆரம்பிக்கும்."

அவர் போனதும் அவளுடைய போன் அடித்தது. ஷார்ஜா.

"ஜெசி, கறுப்பாத் தெரியுது. என் போன்லதான் கோளாறா?" என்றார் அப்பா. பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம் கேட்டது. மெஸ்ஸே கூடியிருக்கிறது போலும்.

"உங்க போன் நல்லா இருக்கு டாடி. அப்படியே இருங்க. எந்திரிக்காதீங்க."

"நான் எங்க போறேன்" என்றார் அவர்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்குக்கூட நேரம் இல்லாததால் பைக்குப் போன் போட்டாள்.

"மாம், ஓடல. இன்னிக்கும் ஓடல. நாலு மணிக்கு நேத்து ஓடிச்சு, இன்னிக்கு ஓடல. பலகையில எழுதினதை ஒண்ணொண்ணாப் படிங்க, எதையாவது விட்டுட்டேனான்னு பாக்கணும்."

"இரு இரு, முதல்ல இன்னிக்கு உள்ளதையும் எழுதிக்கறேன்." எதையும் எழுதாமல் பேச வராது பைக்கு. பேனா கீச்சிடும் சத்தம் கேட்டது. "செவ்வாய்... மூணே முக்கால்... ஓடவில்லை. ஆச்சு. இப்ப கேளு. வியாழன் ரெண்டு மணி. வெள்ளி பதினொண்ணு. சனி ஒன்பதரை. திங்கள் எட்டு. செவ்வாய் மூணே முக்கால்."

அப்போது பைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குரல் கேட்டது. வாசுதேவ பட்டருடைய குரல். கல்யாணங்களை நடத்தி வைக்கும் புரோகிதர், அடுத்த வார முகூர்த்தப் பட்டியலைக் கொடுக்க வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தவர்.

"பையே, பலகையில இந்த ராகுகால அட்டவணையை யாரு எழுதினது? நேரமெல்லாம் சரியாத்தான் இருக்கு. புதனும் ஞாயிறும் விட்டுப் போச்சே."

போனில் பேனா கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"மாம்?" என்றாள் ஜெசிந்தா. "பட்டர் என்ன சொல்றாரு?"

பை நாற்காலியில் பொத்தென்று உட்காரும் சத்தம் வந்தது.

"மாம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மாராயத்தி" என்றார் பை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "இருந்து என்ன பிரயோஜனம்."

"செவ்வாய்க்கிழமை எப்போ மாம் ராகுகாலம்?"

"மூணுலேருந்து நாலரை" என்று பட்டரே பதில் சொன்னார். "அதனாலதானே நான் ரெண்டே முக்காலுக்கே வந்து இங்க உக்காந்துட்டேன். நாலரை அடிச்சாத்தான் படியிறங்குவேன்."

"மாம்! சர்வருக்கு எப்படித் தெரியும் ராகுகாலம்?"

பை தொண்டையைச் செருமினார். "கோகுல்தாஸ் ஷெணைன்னு ஒருத்தன் இருந்தான், உனக்கு முன்னாடி. நல்ல பையன், கொஞ்சம் அவசரக்காரன். ஏழு வருஷம் முன்னாடி ஒரு பூணூல் கல்யாணத்துல ராகுகாலம் முடிய கால் மணி இருக்கறப்பவே லைவை ஆரம்பிச்சுட்டான். ஆரம்பிச்ச அஞ்சாவது நிமிஷம் பந்தலுக்குள்ள மாடு புகுந்து வாழைமரத்தைப் பூரா தின்னுடுச்சு. பதினாலு நாட்டுல பாத்தாங்க. அன்னிக்கு நான் அவன்கிட்ட சொன்னேன்..."

"என்ன சொன்னீங்க?"

"இனிமே அந்த நேரத்துல நீ தலைகீழா நின்னாலும் ஆரம்பிக்கக் கூடாது, அப்படிப் பண்ணி வைன்னு சொன்னேன். பண்ணிட்டான்னு நான் நெனைக்கல. மறந்தே போச்சு."

"ஒரு எச்சரிக்கை கூட வரலையே மாம்! இது ராகுகாலம், ஓட மாட்டேன்னு ஒரு வரி காட்டியிருந்தா நான் ஆறு நாளா செத்துப் பொழைச்சிருக்க வேண்டாமே!"

"அதுவும் நான்தான்" என்றார் பை, இன்னும் தாழ்ந்த குரலில். "கல்யாண வீட்டுத் திரையில அந்த மாதிரி வார்த்தை எல்லாம் வரக் கூடாது, சத்தமில்லாம இருக்கணும்னு சொன்னேன்."

ஏழு வருஷமாக அது யார் கண்ணிலும் படாததில் ஆச்சரியமே இல்லை. எந்த மண்டபத்தில் எந்தப் பட்டர் ராகுகாலத்தில் முகூர்த்தம் வைத்துக் கொடுத்தார்? பையின் ஆட்கள் யாரும் அந்த நேரத்தில் எதையும் தொடங்கியதில்லை, அதனால் தொடங்காது என்பதும் யாருக்கும் தெரியவில்லை. முதல் பொய் சொன்னதாக அவள் நினைத்த கம்ப்யூட்டர் பொய் சொல்லவும் இல்லை. சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்தேன் என்றது. முடித்துத்தான் இருந்தது.

"தோலை உரிக்கறது அப்புறம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

மணி நாலு பதினாலு. ஆறு நாளாக அவள் சர்வர் முழுக்கத் தேடிய வார்த்தைகள் 'பிழை', 'தோல்வி', 'மறுப்பு' என்பவை. இப்போது 'ராகு' என்று தேடச் சொன்னாள். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. ஒரே ஒரு கோப்பில் இருந்தது. பெயரைப் புள்ளியில் தொடங்கி வைத்திருந்தான் கோகுல்தாஸ், அப்படி வைத்தால் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது. எந்த ஸ்கிரிப்ட்டையும் ஓட்டுவதற்கு முன்னால், கட்டளைகளை வாங்கிச் செய்கிற ஷெல் படித்துவிட்டுப் போகிற அமைவுக் கோப்பின் கடைசி வரியில், முதலில் அதைப் படி என்று எழுதியிருந்தது. அவள் நாற்பது வரியை நானூறு தடவை படித்தும் பயனில்லாமல் போனதற்கு இதுதான் காரணம். கோளாறு அந்த நாற்பது வரிக்குள் நுழையவே இல்லை, வாசலிலேயே காவலுக்கு நின்றிருந்தது.

கோப்பைத் திறந்தாள். ஏழு கிழமை, ஏழு நேரம். மேலே கோகுல்தாஸ் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: "பை மாம் உத்தரவு. காரணம் வேண்டுமானால் மாட்டைக் கேட்கவும்."

வாசலில் பேண்டுக்காரர்கள் அதே பாட்டை ஆறாவது தடவை தொடங்கினார்கள். ஃபாதர் வலேரியன் அங்கியைச் சரிசெய்துகொண்டு பீடத்துக்கு நடந்தார்.

"ஜெசிந்தா" என்று பை போனில் கூப்பிட்டார். "இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிஷம்தானே, நாலரைக்கு அதுவே தானா..."

"மாம்!"

"சரி, சரி. எடுத்துடு. பாவம் என் தலையில."

அமைவுக் கோப்பின் கடைசி வரிக்கு முன்னால் ஒரு சிறு குறியைப் போட்டாள். அந்தக் குறி போட்ட வரியை ஷெல் படிக்காமல் தாண்டிப் போய்விடும். வரியை அழிக்க வேண்டியதில்லை. சேமித்தாள். அவசரத்தில் கணபதியைத் தப்பும் தவறுமாகத் தட்டி, அழித்து, மறுபடி தட்டினாள்.

திரையில் வரிகள் கடகடவென்று ஓடின. சின்னச் சதுரத்துக்குள் சர்ச் வாசலும், வெள்ளை ரிப்பன் கட்டிய காரும், காதைக் குடைந்துகொண்டிருந்த சித்தப்பாவும் வந்தார்கள். மணி நாலு பதினேழு.

பையின் அழைப்பைத் துண்டித்ததும் ஷார்ஜா கூப்பிட்டுக் கத்தியது. "சேச்சி! வந்நு! காணாம்!" என்று, படம் வந்துவிட்டதை யாரோ மலையாளத்தில் கூவினார். ஜெசிந்தா கவுனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, பீடத்தைச் சுற்றி, மாப்பிள்ளையைத் தாண்டி, நடுப்பாதையில் செருப்புச் சத்தம் தடதடக்க வாசலுக்கு ஓடினாள். அப்படி ஓடுவதைப் பதினாலு நாடு பார்க்கும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

"டாடி வந்துட்டாரு!" என்றாள்.

கார்க் கதவு திறந்தது. லவீனா இறங்கி, கேமராவை நேராகப் பார்த்து, வலது கையை மடக்காமல் கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். யாரோ அந்தக் கையைப் பிடித்திருப்பது போல அது அசையாமல் இருந்தது. சித்தப்பா கூட வரக் கிளம்பினார். அம்மா அவர் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

பூசை நல்லபடி நடந்தது. அடக்கத்துக்கும் ஃபாதர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த நாள் அவள் அலுவலகத்துக்குப் போனபோது பை சரியாகத் தூங்காத முகத்தோடு இருந்தார். வெள்ளைப் பலகை அழிக்கப்படாமல் இருந்தது. அதில் யாரோ அழகான கையெழுத்தில் புதனையும் ஞாயிறையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

"உன் தங்கச்சி நல்லா இருப்பா" என்றார் பை. "உங்களுக்கு அதெல்லாம் கிடையாதுன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் மனசு கேக்கல. என் சர்வர்லேருந்து அந்த நேரத்துல... ராத்திரி ரெண்டு விளக்கு ஏத்தி வெச்சேன்."

வேறு நாளாக இருந்தால் அவள் வாய் சும்மா இருந்திருக்காது. அன்றைக்குத் தன் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். சசிதரன் அனுப்பிய வீடியோ, நாற்பது விநாடி.

ஷார்ஜாவில் ஒரு மெஸ். ஓரமாக ஒதுக்கிய மேஜைகள். மாவுக் கறை படிந்த பனியன்களோடு இருபது முப்பது பேர் சுவரோரமாக நின்றார்கள். எதிர்ச் சுவரில் தண்ணீர் ஜாடிக்கு முட்டுக்கொடுத்து ஒரு போன், அதில் சர்ச்சுக்குள் நுழைகிற லவீனா. கதவுப் பக்கம் கறுப்பு சூட்டில் லிகோரி எழுந்து நின்றார். இடது கையை மடக்கி, ஒருத்தி பிடித்துக்கொள்ள இடம் விட்டு வைத்தார். திரையில் அவள் ஒரு அடி எடுத்து வைத்தால் இவரும் ஒரு அடி. அவள் நின்றால் இவரும் நின்றார். கதவிலிருந்து தண்ணீர் ஜாடி வரைக்கும் பத்தடி தூரத்தை அவளோடு சேர்ந்தே நடந்து முடித்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

பை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு வீடியோவை இன்னொரு தடவை ஓட விட்டார். நடுவில் சட்டென்று நிறுத்தி, மூக்கைத் திரையோடு ஒட்டிக்கொண்டார்.

"மாராயத்தி, இங்க பாரு. அப்பாவுக்குப் பின்னால சுவர்ல கடிகாரம்."

"இருக்கு மாம். ரெண்டே முக்கால் தாண்டி ரெண்டு நிமிஷம்."

"செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு மேலதானே ராகுகாலம்!" பை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அங்க மூணு ஆகல! உங்கப்பா பொண்ணை நல்ல நேரத்துலதான் கூட்டிட்டுப் போயிருக்காரு!"

ஜெசிந்தா அந்தக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து, புள்ளியில் தொடங்கும் அந்தக் கோப்பைத் திறந்தாள். மண்டபக் கல்யாணங்களுக்கு மட்டும் அது வேலை செய்யும்படி மாற்றினாள், ஓடாவிட்டால் ஓடவில்லை என்று வாயைத் திறந்து சொல்லும்படியும் செய்தாள். கோகுல்தாஸின் குறிப்புக்குக் கீழே தன் பங்குக்கு ஒரு வரி எழுதினாள்:

"சர்ச் கல்யாணத்துக்கு இது செல்லாது. நேரம் பார்க்க வேண்டுமானால் ஷார்ஜா கடிகாரத்தைப் பார்க்கவும்."